இன்வெர்ட்டர் பேட்டரி வோல்டேஜ் ஹோம் அசிஸ்டன்டில்: சார்ஜ் ஏறும்போது மட்டும் அளவு தாவுகிறது, ஏன்?

வாசல்விளக்கு எழுதியது:

வணக்கம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் வோல்டேஜை ஹோம் அசிஸ்டன்ட் என்ற, வீட்டுக் கருவிகளைக் கவனிக்கும் மென்பொருளில் பார்க்க ஒரு சின்ன அமைப்பு செய்திருக்கிறேன். 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர் மணி) ட்யூபுலர் பேட்டரி ஒன்று, 900 விஏ சைன்வேவ் இன்வெர்ட்டர். அளப்பதற்கு ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னப் போர்டு, அதில் ஓடும் மென்பொருள் ஈஎஸ்பிஹோம். பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில், கடையில் "0 முதல் 25 வோல்ட் சென்சார்" என்று விற்கும் சின்ன மாட்யூல். அதன் சிக்னல் கால் போர்டின் ஜிபிஐஓ 34 என்ற காலுக்குப் போகிறது. அட்டன்யூயேஷன் (உள்ளே வருவதைக் குறைத்து அளக்கும் அமைப்பு) 12 டிபி, வரும் அளவை 5-ஆல் பெருக்குகிறேன். ஹோம் அசிஸ்டன்ட் ராஸ்பெர்ரி பை 4-இல் ஓடுகிறது.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது 12.0, 12.1 என்று வருவது மல்டிமீட்டருடன் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. கரண்ட் வந்து சார்ஜ் ஏறத் தொடங்கியதும் கோளாறு. மல்டிமீட்டரில் 14.4 நிற்கும்போது இங்கே 14.0-க்கும் 14.8-க்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்கிறது. இன்வெர்ட்டர் ஓடும்போதும் 0.1 வோல்ட் அளவுக்கு எப்போதும் ஒரு நடுக்கம் உண்டு.

ஈஎஸ்பி32-க்கு மின்சாரம் இன்வெர்ட்டர் அவுட்புட்டில் செருகிய மொபைல் சார்ஜரிலிருந்து. எனக்கு மூன்று விஷயம் வேண்டும்: அளவு சரியாக வர வேண்டும், இன்வெர்ட்டர் கட் ஆவதற்கு முன்பே போனுக்கு எச்சரிக்கை வர வேண்டும், முடிந்தால் மீதி எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டும். எங்கே தவறு?


ஓம்விதி எழுதியது:

மாட்யூலும் போர்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அதுதான் முதல் தவறு. அந்த மாட்யூலுக்குள் இருப்பவை 30 கிலோ ஓம், 7.5 கிலோ ஓம் என்று இரண்டே ரெசிஸ்டர்கள். உள்ளே வருவதை 5-ஆல் வகுத்து வெளியே தரும். 25 வோல்டுக்கு 5 வோல்ட் என்ற கணக்கு 5 வோல்டில் ஓடும் ஆர்டுயினோவுக்காகப் போட்டது. ஈஎஸ்பி32-இன் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) அந்த அளவுக்குத் தாங்காது. 12 டிபி அட்டன்யூயேஷனில் அது நம்பும்படி அளப்பது சுமார் 0.15 வோல்டிலிருந்து 2.45 வோல்ட் வரைதான். அதற்கு மேலே கோடு வளைந்துவிடும்.

இப்போது உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். பேட்டரியில் 12.2 இருந்தால் காலில் 2.44. எல்லையில் நிற்கிறது, ஆனாலும் சரியாக வரும். 14.4 இருந்தால் 2.88, எல்லை தாண்டிவிட்டது. சில இன்வெர்ட்டர்கள் ட்யூபுலர் பேட்டரிக்கு ஈக்வலைஸ் சார்ஜ் (எல்லா செல்லையும் சமமாக்கும் கூடுதல் சார்ஜ்) கொடுக்கும்போது 15.5, 16 வரை ஏற்றும். அப்போது காலில் 3.2 வோல்ட் வரும். ஜிபிஐஓ காலுக்கு 3.3-க்கு மேல் போகக் கூடாது என்பதால் அங்கே நிற்பதே ஆபத்து.

கையில் இருப்பதை வைத்து உடனே சரிசெய்ய வேண்டுமென்றால் 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். மாட்யூலின் பாசிட்டிவ் வயரில் தொடராகப் போடுங்கள். மொத்தம் 59.5 கிலோ ஓம் ஆகிவிடும், விகிதம் 7.93. பெருக்கும் எண்ணை 5-இலிருந்து 7.93-ஆக மாற்றுங்கள். 14.4-க்கு காலில் 1.82 வோல்ட், 16-க்கு 2.02 வோல்ட். எல்லாமே நேர்கோட்டுப் பகுதிக்குள் வந்துவிடும்.

ஆனால் என் கருத்தில் ஈஎஸ்பி32-இன் ஏடிசியையே விட்டுவிடுவது நல்லது. அதன் உள் ரெஃபரன்ஸ் 1.1 வோல்ட் என்று பெயர். சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறும். ஈஎஸ்பிஹோம் சிப்பில் எழுதியிருக்கும் கேலிபிரேஷனைப் பயன்படுத்திக்கொள்கிறது என்றாலும் வைஃபை அனுப்பும் ஒவ்வொரு நொடியும் சத்தம் ஏறத்தான் செய்யும். ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் மாட்யூல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை, ஐ2சி என்ற இரண்டு வயர் இணைப்பில் பேசும். விடிடி-யை 3.3 வோல்டிலும் ஏடிடிஆர் காலைக் கிரவுண்டிலும் கொடுத்தால் முகவரி 0எக்ஸ்48. எஸ்டிஏ ஜிபிஐஓ 21, எஸ்சிஎல் ஜிபிஐஓ 22.

இதற்கு டிவைடர் (வோல்டேஜைப் பங்கிட்டுக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்) 100 கிலோ ஓம், 10 கிலோ ஓம். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டராகவே வாங்குங்கள். விகிதம் 11. 16 வோல்டுக்கு 1.45, 20 வோல்டுக்கே 1.82 தான் என்பதால் கெயினை (அளவெல்லையை) 2.048 வோல்டில் வைக்கலாம். ஒரு படி 0.0625 மில்லிவோல்ட், பேட்டரிப் பக்கம் பார்த்தால் 0.7 மில்லிவோல்ட். வேண்டியதைவிட அதிகமான நுணுக்கம். டிவைடர் பேட்டரியிலிருந்து இழுப்பது 0.12 மில்லிஆம்ப், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

100 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போர்டில் வைக்காதீர்கள், பேட்டரி முனையிலேயே வைத்துச் சால்டர் செய்து ஷ்ரிங்க் ட்யூப் போடுங்கள். பிறகு அந்த வயர் வழியில் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் அதில் 0.16 மில்லிஆம்புக்கு மேல் ஓட முடியாது. ரெசிஸ்டரைப் போர்டு பக்கம் வைத்தால் அந்த இரண்டு மீட்டர் வயர் முழுக்கப் பேட்டரியின் முழு ஷார்ட் கரண்ட்டுக்குத் திறந்து கிடக்கும். 150 ஏஎச் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும், மெல்லிய வயர் நொடியில் எரிந்துவிடும்.

வயரைப் பேட்டரியின் ஈயக் காலிலேயே பிடியுங்கள். இன்வெர்ட்டர் டெர்மினலில் எடுத்தால் கேபிளின் இழப்பும் சேர்ந்து வரும். கேபிளும் லக்கும் சேர்ந்து 5 மில்லி ஓம் இருந்தாலே 60 ஆம்பியரில் 0.3 வோல்ட் குறைத்துக் காட்டும்.

கேலிபிரேஷனுக்கு இரண்டு புள்ளி எடுங்கள்: இன்வெர்ட்டர் லோடில் ஓடும்போது 12 அருகே ஒன்று, சார்ஜில் 14 அருகே ஒன்று. மல்டிமீட்டர் முனைகளை அதே ஈயக் கால்களில் வைத்து, அதே நொடியில் ஈஎஸ்பிஹோம் லாகில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கேலிபிரேட் லீனியர் ஃபில்டரில் கொடுத்தால் ரெசிஸ்டரின் 1 சதவீதப் பிழை, ஏடிஎஸ் உள்ளே இழுக்கும் சின்னக் கரண்ட், எல்லாம் சேர்ந்து அடங்கிவிடும். சாதாரண மல்டிமீட்டரின் பிழை 0.5 சதவீதமும் கடைசி இலக்கத்தில் இரண்டும் என்றால் 14.4-இல் அதுவே 0.09 வோல்ட். எனவே மூன்றாவது தசம இலக்கத்தைத் துரத்த வேண்டாம்.


சால்டர்கம்பி எழுதியது:

ஓம்விதி சொன்ன டிவைடர் சரி. நடுக்கத்தைப் பற்றியும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் மொபைல் சார்ஜர். இன்வெர்ட்டர் கட் ஆனால் சார்ஜரும் அணையும், ஈஎஸ்பி32-உம் அணையும். எந்த நேரத்துக்காக இதையெல்லாம் செய்கிறீர்களோ அந்த நேரத்தில் கருவி இருக்காது. அதோடு மலிவு சார்ஜர்களின் உள்ளே இருக்கும் ஒய் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் ஏசியும் உங்கள் அளவில் ஏறுகிறது. பேட்டரியிலிருந்தே பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் மாட்யூல்) வைத்து 5 வோல்ட் எடுங்கள். எல்எம்2596 அல்லது எம்பி1584 மாட்யூல், இரண்டில் எதுவும் 12 வோல்டுக்குச் சரி. போர்டில் பொருத்துவதற்கு முன்பே ட்ரிம்மரைத் திருகி 5.0 வோல்டில் நிறுத்திவிடுங்கள். புதிதாக வரும் மாட்யூலில் எந்த வோல்ட் இருக்கும் என்று சொல்ல முடியாது, நேரே செருகினால் ஈஎஸ்பி32 போய்விடும். வைஃபையோடு சேர்த்து ஈஎஸ்பி32 சுமார் அரை வாட் எடுக்கும். பேட்டரிப் பக்கம் 45 மில்லிஆம்ப், ஒரு நாளைக்கு 1 ஏஎச் போல. 150-இல் அது ஒன்றுமில்லை.

இந்த வயரில் ரெசிஸ்டர் கிடையாது, எனவே ப்யூஸ் கட்டாயம். இன்லைன் ஹோல்டரில் 1 ஆம்பியர் கண்ணாடி ப்யூஸ், பேட்டரி பாசிட்டிவிலிருந்து 10 சென்டிமீட்டருக்குள்.

அடுத்தது பாதுகாப்பு. இரும்பு ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமான வீட்டு இன்வெர்ட்டரில் பேட்டரிப் பக்கம் மெயின்ஸிலிருந்து பிரிந்திருக்கும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் பலவற்றிலும் எடை குறைந்த ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகையிலும் அப்படி நம்ப முடியாது, பேட்டரி நெகட்டிவ் நேரே 230 வோல்டின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கலாம். தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் ப்ளக்கின் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். மெயின்ஸ் இருக்கும்போது ஒருமுறை, இன்வெர்ட்டரில் ஓடும்போது ஒருமுறை. நூறு, இருநூறு என்று வந்தால் அந்தக் கருவியில் கைவைக்காதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பிரிந்திருந்தாலும், பேட்டரியோடு இணைத்த பிறகு யூஎஸ்பி வயரால் லேப்டாப்பைச் செருக வேண்டாம். முதல் முறை மேசையில் வைத்து ஃப்ளாஷ் செய்துவிட்டு (மென்பொருளை ஏற்றிவிட்டு), பிறகு எல்லாமே வைஃபை வழி அப்டேட். பேட்டரியிலிருந்தே மின்சாரம், வெளியே வைஃபை மட்டும் என்று வைத்துக்கொண்டால் கிரவுண்ட் சிக்கல் பாதி தானாகவே போய்விடும்.

இப்போது 0.1 வோல்ட் நடுக்கம். இன்வெர்ட்டர் 50 ஹெர்ட்ஸ் ஏசி தரும்போது பேட்டரியிலிருந்து கரண்டை ஒரே சீராக இழுப்பதில்லை, நொடிக்கு 100 முறை ஏறி இறங்கி இழுக்கும். அதனால் பேட்டரி வோல்டேஜிலேயே 100 ஹெர்ட்ஸ் அலை உண்டு. மல்டிமீட்டர் அதைச் சராசரி ஆக்கிக் காட்டுகிறது. உங்கள் ஏடிசி அலையின் ஏதோ ஒரு புள்ளியைப் பிடித்துக் காட்டுகிறது. அளவு பொய்யில்லை, நேரம்தான் தற்செயல்.

10 கிலோ ஓமுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் போடச் சொல்லி எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். இந்த வேலைக்கு அது போதாது. 100 கிலோவும் 10 கிலோவும் சேர்ந்த டிவைடரை கெப்பாசிட்டர் 9.1 கிலோ ஓமாகத்தான் பார்க்கும். 0.1 மைக்ரோவுடன் அது அலையை வடிகட்டத் தொடங்கும் எல்லை 175 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் அலை பெரிதாகக் குறையாமல் கடந்துபோகும். 10 மைக்ரோஃபாரட் போடுங்கள். எல்லை 1.75 ஹெர்ட்ஸ் ஆகும், அலை ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆனால் எலக்ட்ரோலிடிக் வேண்டாம், செராமிக் வாங்குங்கள். எலக்ட்ரோலிடிக் கசியும். 9.1 கிலோ ஓமில் 1 மைக்ரோஆம்ப் கசிந்தாலே 9 மில்லிவோல்ட் குறையும், அதை 11-ஆல் பெருக்கினால் 0.1 வோல்ட் பிழை. அதுவும் வெயிலுக்கு வெயில் மாறும் பிழை, கேலிபிரேஷனால் பிடிக்க முடியாதது.

மீதியை ஈஎஸ்பிஹோமில் பாருங்கள். நொடிக்கு ஒரு அளவு, முதலில் 7 அளவுகளுக்கு மெடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), பிறகு கேலிபிரேட் லீனியர். சராசரியும் சேர்ப்பதானால் மெடியனுக்குப் பிறகே சேருங்கள்: சராசரியை முதலில் போட்டால் ஒரே ஒரு தாவல் கூட எல்லாவற்றையும் இழுத்துவிடும். மெடியன் அதைத் தூக்கி எறியும்.

பெட்டியைப் பேட்டரியின் மூடிகளுக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். ட்யூபுலர் பேட்டரி சார்ஜின் கடைசியில் குமிழி விடும், அந்த ஆசிட் ஈரம் ஆறு மாதத்தில் ஐ2சி காலைப் பச்சையாக்கும். ஹைட்ரஜனும் வரும். பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி, சுவரில். ரிங் லக்கைக் கிரிம்ப் செய்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள்.


வாசல்விளக்கு எழுதியது:

மிக்க நன்றி. 22 கிலோ ஓம் போட்டுப் பார்த்ததில் 14.4-இல் இப்போது மல்டிமீட்டருடன் 0.05 வோல்டுக்குள் வருகிறது. ஏடிஎஸ்1115 வாங்கப் போகிறேன். நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏசி ஏறக்குறைய சுழி தான்.

இன்னும் இரண்டு கேள்வி. சதவீதம் எப்படிக் கணக்கிடுவது? இணையத்தில் கிடைத்த அட்டவணையில் 12.7 என்றால் 100 சதவீதம் என்று இருக்கிறது. என் பேட்டரி முழுச் சார்ஜுக்குப் பிறகும் 12.5-இலேயே நிற்கிறது. பேட்டரி பழுதா? அடுத்தது, மாமா வீட்டில் இரண்டு பேட்டரி தொடராகப் போட்ட 24 வோல்ட் இன்வெர்ட்டர். அங்கேயும் இதே அமைப்பு போடலாமா?


ஏஎச்கணக்கு எழுதியது:

பேட்டரி பழுதில்லை சார். அந்த அட்டவணை கார் பேட்டரிக்கானது. லெட் ஆசிட் செல்லின் ஓய்வு வோல்டேஜுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: ஆசிட்டின் ஸ்பெசிஃபிக் கிராவிட்டியோடு (ஒப்படர்த்தியோடு) 0.84 கூட்டினால் ஒரு செல்லின் வோல்ட். கார் பேட்டரியில் ஆசிட் 1.27, 1.28 என்று அடர்த்தியாக இருக்கும். நம் ஊர் ட்யூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு முழுச் சார்ஜில் 1.240 அருகே. வெயிலில் வருஷக்கணக்கில் கிடக்கும் பேட்டரி என்பதால் ஆசிட்டை மெல்லியதாக வைக்கிறார்கள். 1.24 கூட்டல் 0.84, ஆறு செல், 12.48. உங்கள் 12.5 அதுதான். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கி ஆறு செல்லும் பாருங்கள், எல்லாம் 1.23-க்கும் 1.25-க்கும் நடுவே ஒன்றுபோல் இருந்தால் பேட்டரி நன்றாகவே இருக்கிறது.

ஆனால் வோல்டேஜை வைத்துச் சதவீதம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த 12.48 சார்ஜும் இல்லாமல் லோடும் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால்தான் வரும். வீட்டு இன்வெர்ட்டரில் அப்படி ஒரு நேரமே இல்லை. கரண்ட் இருந்தால் ஃப்ளோட்டில் (நிரம்பிய பிறகு தாங்கிப் பிடிக்கும் சார்ஜில்) 13.5, 13.7 என்று நிற்கும், உள்ளே எவ்வளவு இருந்தாலும் அதே எண்தான். கரண்ட் இல்லாவிட்டால் லோடு. ஃபேன் இரண்டு ஓடினால் ஒரு வோல்ட், மிக்சி போட்டால் வேறு வோல்ட். அந்த எண்ணை அட்டவணையில் தேடினால் மிக்சி போடும்போது 40 சதவீதம், நிறுத்தினால் 70 என்று வரும்.

சதவீதம் வேண்டுமென்றால் கரண்டை அளக்க வேண்டும். அதற்கு ஷன்ட்டும் (பெரிய கரண்ட் ஓடும், மிகக் குறைந்த ஓம் உள்ள ரெசிஸ்டர்) அதன் குறுக்கே வரும் வோல்டேஜை அளக்கும் ஐஎன்ஏ226 மாட்யூலும். இதில் ஓம்விதியுடன் சின்ன மாறுபாடு: ஐஎன்ஏ226 வாங்கினால் ஏடிஎஸ்1115 தேவையே இல்லை. அதன் பஸ் வோல்டேஜ் கால் 36 வோல்ட் வரை நேரே தாங்கும், ஒரு படி 1.25 மில்லிவோல்ட். டிவைடர் வேண்டாம், கெப்பாசிட்டர் வேண்டாம், ரெசிஸ்டர் பிழையும் இல்லை. 12 வோல்டுக்கும் 24 வோல்டுக்கும் அதுவே போதும்.

ஷன்ட் 100 ஆம்பியர் 75 மில்லிவோல்ட் என்று கேளுங்கள். அதாவது 0.75 மில்லி ஓம். ஐஎன்ஏ226-இன் அளவெல்லை 81.92 மில்லிவோல்ட் என்பதால் பொருத்தமாக அமையும், 109 ஆம்பியர் வரை தெரியும். ஐஎன்ஏ219 வாங்கி வராதீர்கள், அதன் படி நான்கு மடங்கு பெரியது, ஃப்ளோட்டில் ஓடும் சின்னக் கரண்ட் அத்தனை துல்லியமாகத் தெரியாது. மாட்யூலில் ஆர்100 அல்லது ஆர்002 என்று எழுதிய ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். வெளி ஷன்ட் போடும்போது அதைச் சால்டர் உருக்கி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அது வெளி ஷன்ட்டுக்கு இணையாக உட்கார்ந்து, மெல்லிய வயர்களின் வழியே கரண்டைப் பங்குபோடும், அளவு தப்பும், வயரும் சூடாகும்.

ஷன்ட்டின் ஒரு பெரிய போல்ட் பேட்டரி நெகட்டிவ் காலில், மறு போல்ட்டில் இன்வெர்ட்டரின் கறுப்புக் கேபிள். பேட்டரிப் பக்க போல்ட்டில் பேட்டரியைத் தவிர வேறெந்தப் பெரிய வயரும் வரக் கூடாது, சோலார் சார்ஜர் இருந்தால் அதுவும் மறுபக்கம்தான். இல்லாவிட்டால் அதன் கரண்ட் கணக்கில் வராது. ஐஎன்ஏ226-க்குப் போகும் இரண்டு வயரும் ஷன்ட்டின் சின்ன ஸ்க்ரூவிலிருந்து எடுத்து முறுக்கிக் கொண்டுபோங்கள். ஈஎஸ்பி32-இன் கிரவுண்டை பேட்டரி நெகட்டிவ் காலில் மட்டும் கொடுங்கள். இரண்டு பக்கமும் கிரவுண்ட் கொடுத்தால் இன்வெர்ட்டரின் அறுபது ஆம்பியரில் ஒரு பங்கு உங்கள் ஜம்பர் வயரில் ஓடும். பஸ் வோல்டேஜ் காலுக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து ப்யூஸ் வழியாக ஒரு வயர்.

ஈஎஸ்பிஹோமில் ஷன்ட் ரெசிஸ்டன்ஸ் 0.00075 ஓம், அதிகபட்சக் கரண்ட் 100 ஆம்பியர். இதைக் கொடுக்காவிட்டால் 3.2 ஆம்பியர் என்றே எடுத்துக்கொள்ளும். ஏடிசி ஆவரேஜிங் 128 வையுங்கள். ஒரு அளவு 1.1 மில்லிநொடி, வோல்டும் கரண்டும் சேர்த்து 2.2, அதன் 128 மடங்கு 0.28 நொடி. சால்டர்கம்பி சொன்ன 100 ஹெர்ட்ஸ் அலை அதற்குள் 28 முறை வந்துபோகும், சிப்பே சராசரி போட்டுத் தந்துவிடும்.

கணக்கு இப்படி. வெளியே போகும் கரண்டை அப்படியே ஆம்பியர் மணியாகக் கழியுங்கள். உள்ளே வருவதை 0.85-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், லெட் ஆசிட்டில் உள்ளே போனதெல்லாம் திரும்ப வராது. கூட்டலை ஹோம் அசிஸ்டன்டில் வைக்காமல் ஈஎஸ்பிஹோமின் இன்டக்ரேஷன் சென்சாரிலேயே வைத்து ரிஸ்டோரை ஆன் செய்யுங்கள், ராஸ்பெர்ரி பை ரீபூட் ஆகும் நேரத்துக் கரண்ட் விட்டுப்போகாது. சின்னச் சின்னப் பிழை நாளடைவில் சேரும். எனவே வோல்டேஜ் 14.2-க்கு மேல், கரண்ட் 4 ஆம்பியருக்குக் கீழ், இரண்டும் சேர்ந்து அரை மணி நேரம் நின்றால் 100 சதவீதம் என்று திருப்பி எழுதுங்கள். சாதாரணமாக இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள், பத்து நாளில் கணக்கு மைனஸ் 30 சதவீதம் என்று காட்டும்.

150 ஏஎச் என்பது 20 மணி நேரக் கணக்கு, அதாவது 7.5 ஆம்பியர் எடுத்தால். 40 ஆம்பியர் எடுத்தால் அத்தனை கிடைக்காது. கணக்கில் முழுக் கொள்ளளவை 110 என்று வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த ஏற்பாடு. சதவீதம் சற்று கஞ்சமாகக் காட்டும், ஏமாற்றாது.

மாமா வீட்டு 24 வோல்டுக்கு மட்டும் நான் ஏடிஎஸ்1115-ஐயும் சேர்க்கச் சொல்வேன். காரணம் இரண்டு பேட்டரியும் சேரும் நடுப்புள்ளி. தொடரில் ஒரு பேட்டரி பலவீனமாக இருந்தால் மொத்த வோல்டேஜ் அதை மறைத்துவிடும்: ஒன்று 13.9, மற்றொன்று 14.9 என்றாலும் மொத்தம் 28.8 தான். ஏ0-வில் நடுப்புள்ளி, டிவைடர் 100 கிலோவும் 10 கிலோவும். ஏ1-இல் மொத்தம், டிவைடர் 150 கிலோவும் 10 கிலோவும், விகிதம் 16. 32 வோல்டுக்கு 2.0, எல்லைக்குள் இருக்கும். மேல் பேட்டரியின் வோல்டேஜ் மொத்தத்திலிருந்து நடுப்புள்ளியைக் கழித்தால் வரும். இங்கே கேலிபிரேஷன் கட்டாயம், ஏனென்றால் 28 வோல்டில் 1 சதவீதப் பிழையே 0.28 வோல்ட், தேடும் வித்தியாசத்தின் அளவு. சார்ஜின் கடைசியில் இரண்டுக்கும் நடுவே 0.3 வோல்டுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் ஹைட்ரோமீட்டரை எடுங்கள். பக் கன்வெர்ட்டர் அங்கே எல்எம்2596 தான், அது 40 வோல்ட் வரை வாங்கும். எம்பி1584-இன் எல்லை 28, பூஸ்ட் சார்ஜில் 28.8 வந்ததும் போய்விடும்.


ஓம்விதி எழுதியது:

ஐஎன்ஏ226 பற்றி ஏஎச்கணக்கு சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஷன்ட் போடப்போகிறீர்கள் என்றால் நேரே அதற்கே போங்கள். அதில் இன்னொரு லாபமும் உண்டு. லோடு திடீரென ஏறும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பதை கரண்ட் மாற்றத்தால் வகுத்தால் பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸ் கிடைக்கும். 5 ஆம்பியரில் 12.40, 45 ஆம்பியரில் 12.00 என்றால் 0.40-ஐ 40-ஆல் வகுக்க 10 மில்லி ஓம். அதே லோடு, அதே அளவு சார்ஜ், மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். எண் தானாக ஏறிக்கொண்டே போனால் முதலில் லக்கை இறுக்கிப் பாருங்கள், பிறகு டிஸ்டில்டு வாட்டர் அளவு, அதற்கும் பிறகே பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.


சால்டர்கம்பி எழுதியது:

எச்சரிக்கை பற்றி யாரும் சொல்லவில்லை. கேட்டதில் அதுதான் அவசரமானது.

வெறும் வோல்டேஜ் 11.8-க்குக் கீழே போனால் மெசேஜ் என்று எழுதினால் மிக்சி போடும் ஒவ்வொரு முறையும் போன் கத்தும். ஓம்விதி சொன்ன உள் ரெசிஸ்டன்ஸை இங்கே பயன்படுத்துங்கள். வோல்டேஜோடு கரண்டை 0.010-ஆல் பெருக்கிக் கூட்டினால் லோடு நீக்கிய வோல்டேஜ் ஒன்று கிடைக்கும். 45 ஆம்பியரில் 11.6 என்றால் 12.05, பயமில்லை. 5 ஆம்பியரில் 11.6 என்றால் 11.65, உண்மையிலேயே காலி. எச்சரிக்கையை இந்த எண்ணின் மேல் வையுங்கள்: 12.0-இல் முதல் மெசேஜ், 11.7-இல் இரண்டாவது. இன்வெர்ட்டர் தானாக நிறுத்தும் 10.5 வரை காத்திருந்தால் பேட்டரிக்குத்தான் கேடு.

ஹோம் அசிஸ்டன்டில் த்ரெஷோல்டு ஹெல்பர் (எல்லைக்குக் கீழே போனால் ஆன் ஆவது) ஒன்று உருவாக்கி ஹிஸ்டெரிஸிஸ் (ஆன், ஆஃப் எல்லைகளுக்கு நடுவே விடும் இடைவெளி) 0.15 கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லையில் நின்று ஆன் ஆஃப் ஆன் ஆஃப் என்று பத்து மெசேஜ் வரும். அந்த ஹெல்பர் ஆன் ஆகி 3 நிமிடம் நின்றால் மெசேஜ் அனுப்பும்படி ஆட்டோமேஷன்.

இங்கே இரண்டு ஓட்டை உண்டு. இந்த மாதிரி ட்ரிக்கர் (ஆட்டோமேஷனைத் தொடங்கி வைப்பது) நிலை மாறும் நொடியில்தான் அடிக்கும். ஏற்கெனவே கீழே இருக்கும்போது ஹோம் அசிஸ்டன்ட் ரீஸ்டார்ட் ஆனால் அடிக்காமல் போகலாம், ஓடிக்கொண்டிருந்த 3 நிமிடமும் மறந்துபோகும். எனவே ஹோம் அசிஸ்டன்ட் ஸ்டார்ட் ஆவதையும் ஒரு ட்ரிக்கராகச் சேர்த்து, கண்டிஷனில் அளவைச் சோதியுங்கள். இரண்டாவது ஓட்டை அன்அவெய்லபிள் என்ற தொடர்பில்லாத நிலை. ப்யூஸ் போனாலும் வைஃபை அறுந்தாலும் சென்சார் அந்த நிலைக்குப் போய்விடும், எண் இல்லாததால் எந்த எல்லையும் கடக்கப்படாது, எச்சரிக்கையும் வராது. 5 நிமிடம் அன்அவெய்லபிளாக இருந்தால் தனியாக ஒரு மெசேஜ் வர வேண்டும்.

ரௌட்டர், ஃபைபர் பெட்டி, ராஸ்பெர்ரி பை மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். அதையும் நம்பாமல் ஈஎஸ்பி32-இலேயே ஒரு 5 வோல்ட் ஆக்டிவ் பஸ்ஸரை ட்ரான்சிஸ்டர் வழியாக மாட்டி, 11.7-க்குக் கீழே போனால் அடிக்கும்படி ஈஎஸ்பிஹோமிலேயே எழுதிவிடுங்கள். நெட் இல்லாவிட்டாலும் வீட்டில் இருப்பவருக்குக் கேட்கும்.

ஈஎஸ்பிஹோமில் ஏபிஐ-க்கும் (ஹோம் அசிஸ்டன்டுடன் பேசும் இணைப்பு) வைஃபைக்கும் ரீபூட் டைம்அவுட் இயல்பாகவே 15 நிமிடம். ஹோம் அசிஸ்டன்ட் 15 நிமிடம் தொடர்பில் இல்லாவிட்டால் போர்டு தன்னைத்தானே ரீபூட் செய்துகொண்டே இருக்கும். ஏஎச் கணக்கு வைக்கும் போர்டுக்கு அது ஆகாது. இரண்டிலும் 0 நொடி என்று மாற்றுங்கள்.

நொடிக்கு ஒரு அளவை அப்படியே அனுப்பவும் வேண்டாம், ராஸ்பெர்ரி பையின் எஸ்டி கார்டு தேயும். 0.05 வோல்டுக்கு மேல் மாறினால் அல்லது 60 நொடி ஆனால் அனுப்பு என்று ஆர் ஃபில்டரில் டெல்டாவையும் த்ராட்டிலையும் சேர்த்துப் போடுங்கள். ஹோம் அசிஸ்டன்டின் ரெகார்டர் இயல்பாக 10 நாள் விவரம்தான் வைத்திருக்கும். ஸ்டேட் க்ளாஸ் மெஷர்மென்ட் என்று இருந்தால் மணிக்கு ஒரு குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி நிரந்தரமாகத் தங்கும். நேரே சென்சாரிலிருந்து வருவதற்கு ஈஎஸ்பிஹோமே அதைப் போட்டுவிடுகிறது. லோடு நீக்கிய வோல்டேஜ் டெம்ப்ளேட் சென்சார் என்பதால் அதற்கு நீங்களே எழுத வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் ஒப்பிட எதுவும் இருக்காது.


வாசல்விளக்கு எழுதியது:

எல்லாம் குறித்துக்கொண்டேன். ஒரே ஒரு சந்தேகம். வெயில் காலத்தில் பேட்டரி தொட்டாலே சூடாக இருக்கிறது. 14.4 அப்போதும் சரிதானா?


ஏஎச்கணக்கு எழுதியது:

இல்லை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு செல்லுக்கு 3 முதல் 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும், 12 வோல்ட் பேட்டரிக்கு 18 முதல் 24. பேட்டரி 40 டிகிரியில் இருந்தால் 14.4 என்பது சுமார் 14.1 ஆக வேண்டும். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் வெப்பநிலை சென்சார் கிடையாது, அதே 14.4-ஐயே ஏற்றும். அதனால்தான் சித்திரை, வைகாசியில் தண்ணீர் சீக்கிரம் இறங்குகிறது.

டிஎஸ்18பி20 சென்சார் ஒன்று, 4.7 கிலோ ஓம் புல்அப்போடு, பேட்டரியின் பக்கச் சுவரில் நடு உயரத்தில் டேப் போட்டு ஒட்டி மேலே ஒரு துண்டு தெர்மோகோல் வையுங்கள். மூடியின் மேல் வைத்தால் அறையின் சூட்டைத்தான் காட்டும். பேட்டரி 45 டிகிரி தாண்டினால் ஒரு எச்சரிக்கை. இன்வெர்ட்டரில் பேட்டரி வகை சுவிட்ச் இருந்தால் கோடையில் வோல்டேஜ் குறைவான நிலைக்கு மாற்றலாம், எந்த நிலை எத்தனை வோல்ட் என்பதைச் சுவிட்சின் பெயரை நம்பாமல் உங்கள் கிராஃபிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கோடை நான்கு மாதமும் தண்ணீர் அளவை மாதம் இரண்டு முறை பாருங்கள்.